பொட்டி மூச்சு விடணும் சாமி!

ஆபீஸ்ல எனக்குக் கொஞ்சம் மரியாதை இருக்குன்னா அது நான் எழுதற கோடுக்காக இல்லைங்க. "மச்சி, புதுசா ஒரு பொட்டி அசெம்பிள் பண்ணணும், என்னென்ன வாங்கலாம்?"ங்கற கேள்விக்குப் பதில் சொல்றவன்ங்கறதுக்காகத்தான். மாசத்துக்கு ஒருத்தராவது ஒரு லிஸ்டோட வந்துடுவாங்க. பிராசஸர், மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டுன்னு ஒவ்வொண்ணுக்கும் பத்து வீடியோ பார்த்து மண்டையை உடைச்சிருப்பாங்க. கடைசி வரில மட்டும் "கேபினெட்: ஏதோ ஒண்ணு, பார்க்க நல்லா இருந்தா போதும்"னு இருக்கும். அதுக்குக் கீழே பொடி எழுத்துல "சத்தம் வரக்கூடாது".

இந்த ரெண்டு வரியையும் ரிச்சி தெருவுல போய்ச் சொன்னீங்கன்னா கடைக்காரர் எந்தப் பெட்டியைத் தூக்கி மேஜை மேல வைப்பார்னு எனக்கு மனப்பாடம். முன்பக்கம் முழுக்க மூடியிருக்கும். ஒண்ணு கண்ணாடி, இல்லைன்னா பளபளன்னு ஒரு கதவு. கதவுக்குப் பின்னாடி கறுப்பா பஞ்சு ஒட்டியிருக்கும். "சார், சவுண்ட் ப்ரூஃப் சார், சத்தம் வெளியவே வராது" என்பார். நம்ம ஆளும் தலையாட்டிட்டு வாங்கிட்டு வந்துடுவார்.

என் கட்சி இதுக்கு நேர் எதிர். நம்ம ஊர் சூட்டுல மூடின கேபினெட் அமைதியான கேபினெட் கிடையாது. முகம் பூரா சல்லடையா, ஓட்டை ஓட்டையா இருக்கற கேபினெட்தான் அமைதியானது. ஓட்டை இருந்தா சத்தம் வெளிய வருமே, இவன் என்ன தலைகீழா பேசறான்னு தோணும். பொறுமையா படிங்க, சொல்றேன்.

இது இவ்வளவு பெரிய பிரச்சினையா?

கம்ப்யூட்டருக்குன்னு தனி ரூம் வெச்சிருக்கற மகராசன்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். எங்க வீட்டுல ஹாலும் ஒரு படுக்கையறையும்தான். பொட்டி இருக்கறது ஹால்ல. அப்பா படுக்கறதும் ஹால்ல. அமெரிக்காக்காரன் விடிஞ்சு எழுந்து "ஹாய்" சொல்றப்ப நமக்கு ராத்திரி ஏழு, எட்டு மணி. மீட்டிங் முடிஞ்சு பில்டு போட்டு டெஸ்ட் ஓட்டி ஆணி புடுங்கி முடிக்க ஒரு மணி ஆயிடும். அப்பா ரிட்டயர் ஆனவர், தூக்கம் லேசு. ஆனா ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். பழைய பொட்டி 'உய்ங்ங்'னு ஆரம்பிச்சா துண்டை எடுத்து காதோட சேர்த்துத் தலையைச் சுத்திக்கிட்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துப்பார். அவர் திட்டியிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

அதனால சத்தம் இல்லாத கம்ப்யூட்டர்ங்கறது எனக்கு ஷோக்குக் கிடையாது. கூட இருக்கறவங்க தூக்கம் சம்பந்தப்பட்ட விஷயம். நம்மள்ல பாதிப் பேருக்கு இதே கதைதான், ஹால்ல பொட்டி, பக்கத்துல ஒரு பாய்.

மூடின பெட்டி எங்கேருந்து வந்துச்சு?

பஞ்சு ஒட்டின பெட்டியைக் கண்டுபிடிச்சவங்க முட்டாள்கள் இல்லை. அந்தக் காலத்துக்கு அது சரியான பதில். 2005-ல ஆன்டெக் கம்பெனி பி180-ன்னு ஒரு கேபினெட் விட்டுச்சு. அமைதியான கம்ப்யூட்டர் பத்தியே எழுதிக்கிட்டிருந்த மைக் சின் அதோட வடிவமைப்புல பங்கெடுத்தார். முன்னாடி கதவு, மூணு அடுக்குப் பலகை, எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கீழே தனி அறைன்னு அமர்க்களமான பெட்டி.

அன்னிக்கு சத்தம் போட்டது யாருன்னு பார்க்கணும். 'கடகட'ன்னு ஹார்டு டிஸ்க், விமானம் கிளம்பற மாதிரி சிடி டிரைவ். ரெண்டும் முன்பக்கம்தான் இருக்கும். அங்கே ஒரு கதவு போட்டா சத்தம் குறையும், நியாயம்தான். கிராபிக்ஸ் கார்டு அப்ப தின்ன கரண்ட்டும் இன்னிக்கோட ஒப்பிட்டா கம்மி.

இன்னிக்கு நிலைமையே வேற. சிடி டிரைவ் போயே போச்சு. ஹார்டு டிஸ்க் இருந்த இடத்துல சுத்தாத, சத்தமே போடாத எஸ்எஸ்டி. ஆனா நடுத்தரமான ஆர்டிஎக்ஸ் 3060 கார்டே 170 வாட். 2022-ல வந்த 4090-க்கு 450 வாட், 2025-ல வந்த 5090-க்கு 575 வாட். கிட்டத்தட்ட ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டி! இன்னொண்ணும் நடந்திருக்கு. முன்னாடி நிறைய கார்டுகள்ல ஒத்தை விசிறி சூட்டுக் காத்தை பின்பக்க ஓட்டை வழியா நேரா வெளிய தள்ளும். இப்ப வர்ற ரெண்டு, மூணு விசிறி கார்டுகள் பெரும்பாலும் சூட்டை கேபினெட்டுக்குள்ளேயே கொட்டுது. அதை வெளிய தள்ள வேண்டியது கேபினெட்டோட பொறுப்பு ஆயிடுச்சு.

அதாவது சத்தம் போடற ஆளே மாறிட்டான். இன்னிக்கு சத்தம்னா அது விசிறி. விசிறி ஏன் கத்துது? சூடா இருக்கறதால. ஏன் சூடு? காத்து வரல. ஏன் வரல? நீங்க கதவைச் சாத்திட்டீங்க!

கொஞ்சம் கணக்கு (ஓடிடாதீங்க)

நம்ம பொட்டி கேம் ஓட்டும்போது 300 வாட் எடுக்குதுன்னு வெச்சுக்குங்க. அத்தனையும் கடைசில சூடாத்தான் மாறும். அந்தச் சூட்டை வெளிய கொண்டுபோற காத்து, உள்ளே வந்ததை விட 10 டிகிரி மட்டும் கூடுதலா வெளிய போகணும்னா, நிமிஷத்துக்கு சுமார் 55 கன அடி காத்து பெட்டி வழியா ஓடியாகணும். விசிறி அட்டையில 'சிஎஃப்எம்'னு போட்டிருக்கானே, அதேதான். காத்து பாதியா குறைஞ்சா 10 டிகிரி 20 ஆயிடும்.

இப்ப ஒரு 120 மி.மீ. விசிறி நிமிஷத்துக்கு 1800 சுத்து சுத்தி 56 சிஎஃப்எம் தள்ளுதுன்னு வைங்க. அதையே 900-ல ஓட்டினா காத்து பாதி, 28. ஆனா சத்தம் பாதியா குறையறதில்லை, அதைவிட ரொம்பவே குறையும். விசிறி வேகத்தைப் பாதியாக்கினா சத்தம் சுமாரா 15 டெசிபல் இறங்கும்ங்கறது இன்ஜினியரிங்ல எல்லாரும் பயன்படுத்தற கணக்கு. அதே மாதிரி இன்னொரு விசிறியைப் பக்கத்துல மாட்டினா கூடறது 3 டெசிபல்தான். ஆக ரெண்டு விசிறி மெதுவா சுத்தினா அதே 56 சிஎஃப்எம் காத்து, 12 டெசிபல் கம்மி சத்தம். பத்து டெசிபல் குறைஞ்சாலே காதுக்குப் பாதி சத்தமாத்தான் தெரியும்.

அமைதியோட மொத்த ரகசியமும் இவ்வளவுதான்: பெரிய விசிறி, நிறைய விசிறி, மெதுவான விசிறி.

ஆனா இதுல ஒரு கண்டிஷன் இருக்கு. மெதுவா சுத்தற விசிறிக்குத் தள்ளற வலு கிடையாது. வேகம் பாதியானா அது கொடுக்கற அழுத்தம் கால்வாசிதான். அதுக்கு முன்னாடி ஒரு கதவையும் பக்கவாட்டுல ரெண்டு விரல் சந்தையும் கொடுத்து "இது வழியா இழு ராசா"ன்னா பாவம் எங்கேருந்து இழுக்கும்? வேற வழியில்லாம வேகமா சுத்தும். வேகமா சுத்தினா சத்தம். பஞ்சு ஒட்டி சில டெசிபலைக் குறைச்சுட்டு, கதவு போட்டு அதைவிட அதிகமா ஏத்திக்கிட்ட கதை.

எங்க டீம்ல ஒரு நண்பர் வீட்டுல இதைச் சோதிச்சே பார்த்தோம். கதவு, பஞ்சு எல்லாம் வெச்ச பெட்டி. ஒரு கேமை அரை மணி நேரம் ஓட்டினோம். பிராசஸர் 86 டிகிரி, விசிறி 1700-ல கத்திக்கிட்டிருந்துச்சு. வேற எதையும் தொடாம முன்பக்க முகத்தை மட்டும் கழட்டி வெச்சோம். பத்து நிமிஷத்துல 77-க்கு இறங்கிடுச்சு, விசிறி 1100. அவங்க அம்மா உள்ளேருந்து எட்டிப் பார்த்து "என்னப்பா, ஆஃப் பண்ணிட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. சவுண்ட் ப்ரூஃபைக் கழட்டினதும் சத்தம் குறைஞ்சுடுச்சு :-)

இந்தச் சோதனையை உங்க வீட்டுலயும் செய்யலாம், காசு செலவில்லை. முகத்தைக் கழட்டினா ரெண்டு மூணு டிகிரிதான் வித்தியாசம்னா உங்க பெட்டி நல்ல பெட்டி. எட்டு, பத்து டிகிரி இறங்கினா அது பெட்டி இல்லை, மூக்கைப் பொத்தற கை.

அவன் ஊர் சூடு வேற, நம்ம ஊர் சூடு வேற

வெளிநாட்டு விமர்சனங்கள்ல மூடின பெட்டிகளும் பாஸ் ஆகுது. எப்படின்னா, அவங்க சோதனை அறை 20, 22 டிகிரிதான். உள்ளே 20 டிகிரி ஏறினாலும் 42. மே மாசம் சென்னையில ராத்திரி பத்து மணிக்கு மாடி வீட்டு ஹால் 33, 34 டிகிரிக்குக் கீழே வராது. (2003 மே 31 அன்னிக்கு இங்கே 45 டிகிரி அடிச்சிருக்கு.) அதே பெட்டியை இங்கே வெச்சா உள்காத்து 54. பிராசஸர், கார்டு எல்லாம் 90-ஐத் தாண்டினா தானே வேகத்தைக் குறைச்சுக்கும். அதைத் தடுக்க விசிறி முழு வேகத்துல சுத்தும். அங்கே அமைதியான பெட்டிக்கு இங்கே தொண்டை வந்துடுது. அவன் ஊருல மூடின பெட்டிக்கு இருக்கற பத்து பன்னெண்டு டிகிரி சலுகை நமக்குக் கிடையாது.

கம்பெனிக்காரங்களுக்கே இது புரிஞ்சுடுச்சு. ஃப்ராக்டல் டிசைன் 2020-ல ஒரே எலும்புக்கூட்டை வெச்சு ரெண்டு பெட்டி போட்டாங்க. கதவும் பஞ்சும் வெச்ச டிஃபைன் 7, சல்லடை முகம் வெச்ச மெஷிஃபை 2. என்இசட்எக்ஸ்டி, மூடின முகம் வெச்ச எச்510-க்கு 2021-ல ஓட்டை போட்ட முகத்தோட 'ஃப்ளோ' தம்பி ஒண்ணை இறக்குச்சு. ஃப்ராக்டலோட டோரன்ட் (2021) முன்னாடியே ரெண்டு 180 மி.மீ. விசிறியோட வந்துச்சு. சந்தை போற திசை தெரியுதில்ல?

எதிர்க்கட்சி கேள்விகள்

"தலைக்கு மேல சீலிங் ஃபேன் ஓடுது, இதுல கேபினெட் சத்தம் எவனுக்குக் கேக்கும்?" நல்ல கேள்வி. ஆனா சீலிங் ஃபேன் ஒரே சுருதில ஓடும், காது அதை மறந்துடும். பொட்டி விசிறி ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பாடும். தூக்கத்தைக் கெடுக்கறது சத்தத்தோட அளவை விட அந்த ஏத்த இறக்கம்தான். அப்புறம் மார்கழின்னு ஒரு மாசமும் இருக்கு, ஃபேனை நிறுத்திட்டுத்தான் தூங்குவோம்.

"சல்லடைன்னா தூசி அடையுமே?" அடையும். மூடின பெட்டியிலயும் அடையும், சந்து வழியா இழுத்தாலும் அதே தெருத் தூசிதான். உள்ளே வர்ற காத்தெல்லாம் ஃபில்டர் வழியா வரணும், ஃபில்டர் சுலபமா கழண்டு வரணும், அவ்வளவுதான் விஷயம். காத்து இழுக்கற விசிறி ரெண்டு, வெளிய தள்ளறது ஒண்ணுன்னு வைங்க. உள்ளே அழுத்தம் கூடுதலா இருக்கும், கண்ட சந்து வழியா தூசி நுழையாது. ஆயுத பூஜைக்கு ஒரு தடவை திறந்து துடைச்சு சந்தனம் குங்குமம் வெச்சா போதும்ங்கற பழக்கத்தை மட்டும் விட்டுடணும். மாசத்துக்கு ஒரு தடவை ஃபில்டரைக் குழாய்ல காட்டி நல்லா காய வெச்சு மாட்டுங்க. அடைச்ச ஃபில்டரும் மூடின கதவும் ஒண்ணுதான்.

"பஞ்சு சுத்த வேஸ்டா?" அப்படிச் சொல்ல மாட்டேன். பக்கவாட்டுப் பலகை தகரம் மாதிரி அதிர்ந்தா பஞ்சு அதை அடக்கும். கீச்சுன்னு வர்ற மேல்சுருதிச் சத்தத்தையும் கொஞ்சம் தின்னும். ஏசி ரூம், கார்டே இல்லாத சின்ன பொட்டின்னா மூடின பெட்டி தாராளமா வாங்கலாம். என் சண்டை பஞ்சோட இல்லை, கதவோட.

கடையில என்ன பார்க்கணும்?

1. முன்பக்கம் வாயை வெச்சு ஊதிப் பாருங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. பின்னாடி கைல காத்து படணும். இல்லைன்னா மொபைல் டார்ச் அடிங்க. வெளிச்சம் வராத இடத்துல காத்தும் வராது. அலங்காரத்துக்கு ஓட்டை போட்டு உள்ளே பிளாஸ்டிக் அடைச்ச பெட்டிகள் நிறைய உலாவுது.

2. முன்னாடி 140 மி.மீ. விசிறி ரெண்டு, இல்லைன்னா 120 மி.மீ. மூணு மாட்ட இடம் வேணும். கூடவே வர்ற விசிறி எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீங்க. விளக்கு எரியற விசிறி நாலு இலவசம்னு சொல்ற பெட்டியில பல சமயம் அந்த விசிறிகளோட வேகத்தை மதர்போர்டால கட்டுப்படுத்தவே முடியாது. நாலு பின் இருக்கான்னு பாருங்க, மெதுவா ஓட்ட வசதியா இருக்கும்.

3. ஃபில்டர் எந்தப் பக்கம் கழண்டு வருதுன்னு பாருங்க. எஸ்எம்பிஎஸ் அடியில இருக்கற ஃபில்டரைப் பின்பக்கமா உருவற மாதிரி வெச்சிருந்தா பொட்டியை இழுத்துத்தான் எடுக்கணும். சத்தியமா ரெண்டாவது மாசம் விட்டுடுவீங்க.

4. பக்கவாட்டுப் பலகையை விரல் மடக்கித் தட்டிப் பாருங்க. 'டொப்'னா நல்லது, 'டங்ங்'னா அதிரும்.

5. கூலர் உயரம். பெரிய கூலர்தான் மெதுவா ஓடும். 160 மி.மீ. உயரமாவது உள்ளே அடங்கணும். கார்டோட நீளத்தையும் அளந்துட்டுப் போங்க.

6. பழைய ஹார்டு டிஸ்க் மாட்டறதா இருந்தா அதுக்கு ரப்பர் வாஷர் இருக்கணும். 7200 சுத்து டிஸ்க்னா நொடிக்கு 120 தடவை. அந்த 'ம்ம்ம்' பெட்டி வழியா மேஜைக்கும், மேஜை வழியா தரைக்கும் இறங்கும்.

7. பின்பக்கம் கார்டு சொருகற சந்துகளுக்கெல்லாம் மூடி இருக்கான்னு எண்ணிப் பாருங்க. உடைச்சு எடுக்கற மூடின்னா தேவையானதை மட்டும் உடைங்க. கரப்பானுக்கும் பல்லிக்கும் கதகதப்பான வீடு இலவசமா கொடுக்க வேண்டாம்.

வாங்கின பிறகு

நல்ல பெட்டி வாங்கி, கம்ப்யூட்டர் டேபிள்ல 'சிபியு வைக்க'ன்னு மரத்துல ஒரு பொந்து இருக்குமே, அதுக்குள்ள வெச்சா மறுபடி மூடின பெட்டிதான். தன் சூட்டைத் தானே திரும்பக் குடிக்கும். வெளிய எடுத்து, பின்பக்கம் சுவருக்கும் பெட்டிக்கும் அரை அடியாவது விட்டு வைங்க. தரையில வைக்காம ஒரு பலகை மேல வெச்சா பெருக்கும்போது பறக்கற தூசி நேரா உள்ளே போகாது.

அடுத்து பயாஸ். விசிறி வேகத்தைச் சூட்டுக்குத் தகுந்த மாதிரி கோடு போட்டு வைக்கற வசதி இப்ப எல்லா மதர்போர்டுலயும் இருக்கு. 60, 65 டிகிரி வரைக்கும் ஒரே மெதுவான வேகம், அதுக்கு மேல மெல்ல ஏறட்டும். சூடு ஒரு நொடி எகிறினதும் விசிறி பதறாம இருக்க, சில நொடி தாமதிக்கற செட்டிங் ஒண்ணும் இருக்கும், அதையும் போட்டுடுங்க. நான் ரைசன் 5 5600-க்கும் 3060-க்கும் இப்படித்தான் வெச்சிருக்கேன். சல்லடை முகம் வெச்ச, விளக்கு எதுவும் இல்லாத கேபினெட். விலை ஐயாயிரத்துச் சொச்சம். விசிறி மூணும் பெரும்பாலும் 800, 900-லயே ஓடுது. அப்பா துண்டு இப்ப கொடியிலதான் தொங்குது.

கடைசியா ஒண்ணு. ஒரு லட்ச ரூபாய் பட்ஜெட்ல கேபினெட்டுக்கு ரெண்டாயிரம் ஒதுக்கறவங்க, அதே பட்ஜெட்ல விளக்குக்கு நாலாயிரம் ஒதுக்கறாங்க. பிராசஸரும் கார்டும் நாலஞ்சு வருஷத்துல பழசாயிடும். நல்ல கேபினெட் அதுக்கப்புறமும் இருக்கும், ஏடிஎக்ஸ் அளவு 1995-லேருந்து பெரிசா மாறல. ஒரு தடவை சரியா வாங்கினா அடுத்த ரெண்டு அசெம்பிளிக்கும் அதே பெட்டிதான். செலவு பண்ற காசுல கொஞ்சம் விளக்குலேருந்து விசிறிக்கு மாத்துங்க. கண்ணாடி வழியா ராத்திரி பன்னெண்டு மணிக்கு உங்க மெமரி கார்டு வானவில் காட்டறதைப் பார்க்கப் போறவர் யாரும் இல்லை. பக்கத்துல படுத்திருக்கறவருக்குத் தூக்கம் வேணும்.

டிஸ்கி: எந்தக் கேபினெட் கம்பெனியும் எனக்கு ஒரு ஸ்க்ரூகூட இலவசமா கொடுத்ததில்லை. கொடுத்தா சல்லடை முகம் வெச்சதா கொடுங்க.